அழகேசன் சன்ரூஃப் ஒழுகலை அடக்கிய பராக்கிரமம்

வாழ்க அழகேசன். நீர்க்கசிவுக் குலகாலன், கூரைவிரிசல் கூற்றுவன், கழிவறைத் தளங்களின் காவலன், உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் அரசு கட்டிய வீவக அடுக்குமாடி ஒன்றின் பதினோராம் தளத்தில் மனைவியோடும் விரிசலில் பசை பீய்ச்சும் மூன்று சீலன்ட் துப்பாக்கிகளோடும் வீற்றிருக்கும் வேந்தன், அவன் நீடு வாழ்க. பத்தொன்பது ஆண்டுகளாக இத்தீவின் மொட்டைமாடிகளிலும் குளியலறைகளிலும் மண்டியிட்டு, தரையில் கன்னத்தை ஒற்றி விரிசலைத் தேடி, கண்ட ஓட்டையை எல்லாம் அடைத்து, அடைத்த இடத்தில் தண்ணீர் தேக்கி, அந்தத் தண்ணீர் இருபத்துநான்கு மணி நேரம் ஓர் இம்மியும் இறங்காமல் நின்றால் மட்டுமே கையெழுத்துப் போடும் அந்தத் தடந்தோள் மேற்பார்வையாளனின் புகழைப் பாட எனக்குத் தகுதி போதாதுதான். என் வீட்டுக் குளியலறையே ஒழுகுகிறது. ஆனாலும் பாட ஆள் கிடைக்காத புகழை யாராவது பாடித்தானே ஆகவேண்டும்.

இனி அவன் தேரைச் சொல்வேன். வெள்ளிச்சாம்பல் வண்ணமும் வலப்பக்கக் கதவில் ஒரு சிராய்ப்பும் கொண்ட அந்த நாற்சக்கரத் தேர், பத்தாண்டு உரிமத்தையே ஆயுளாக நெற்றியில் எழுதிக்கொண்டு கார்கள் பிறக்கும் இந்நாட்டில், நான்கு வயது கடந்தபின் அவன் கைக்கு வந்தது. கடைக்காரர் வரிசையாகக் காட்டிய ஏழு கார்களில் ஆறைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு ஏழாவதன் முன் அவன் மெய்ம்மறந்து நின்றதற்கு ஒரே காரணம், அதன் உச்சியில் பொருந்தியிருந்த விண்நோக்கும் கண்ணாடிப் பலகணி, அதாவது சன்ரூஃப். விரல் பட்டதும் வழுக்கித் திறக்கும் அதன் மாட்சியைக் கண்டு அவன் மூச்சை மறந்த வேளையில், பக்கத்தில் நின்ற அவன் இல்லாள் மோகனப்பிரியா மட்டும் மூச்சை மறக்கவில்லை.

"இந்த ஊர்ல ஒன்னு வெயில் கொளுத்தும், இல்லன்னா மழை கொட்டும். மேல எதுக்குங்க ஓட்டை?" என்றாள்.

மன்னர்கள் மந்திரி சொல்லைக் கேட்டதாக வரலாறு அதிகம் இல்லை. அழகேசனும் கேட்கவில்லை. வாங்கிய மூன்றாண்டில் அந்தப் பலகணி சரியாக இரண்டு முறை திறந்தது. முதல் முறை உச்சி வெயில் மண்டையைப் பிளக்கவே இரண்டு நிமிடத்தில் மூடப்பட்டது. இரண்டாம் முறை ஒரு மைனா, குறி தவறாமல், அவன் சட்டைப்பையில் எச்சமிட்டது. அதன்பின் அவன் அதைத் திறக்கவில்லை என்றாலும், நண்பர்கள் யாராவது ஏறினால், "மேல பாத்தீங்களா" என்று கேட்காமல் வண்டியை எடுத்ததும் இல்லை.

ஆனால் அந்தத் தேரின் உண்மையான செல்வம் கூரையில் இல்லை, முன்னிருக்கையில் இருந்தது. மோகனப்பிரியா ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராகப் பத்தாண்டுகளாகப் பணிபுரிகிறாள். காலை ஏழரைக்கு உட்லண்ட்ஸிலிருந்து கிளம்பி, சிலேத்தார் விரைவுச்சாலை ஏறி, மத்திய விரைவுச்சாலையில் மற்றவர்களோடு சேர்ந்து ஊர்ந்து, அவளை இறக்கிவிட்டுத்தான் அவன் தன் கட்டுமானத் தளத்துக்குப் போவான். இரவு அவன் திரும்புவதற்குள் அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். ஆக, ஒரு நாளில் அவர்கள் இருவரும் புருஷன் பெண்டாட்டியாகப் பேசிக்கொள்ளும் நேரம் அந்த நாற்பது நிமிடம்தான். எந்த நோயாளி கடவாய்ப்பல்லைப் பிடுங்கக் கூடாது என்று அழுதார், பிளாக்கில் எந்த லிஃப்ட் நின்றது, அவளுடைய தங்கைக்கு என்ன வரன் வந்தது, எல்லாம் அந்த முன்னிருக்கையிலிருந்துதான் அவன் காதுக்கு வந்து சேரும். அவன் பாதிக்கு மேல் பதில் சொல்லமாட்டான். ஆனால் அந்தப் பேச்சு இல்லாமல் அவனுக்கு விடியாது.

இப்படியிருக்க, டிசம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்று நாள் பெய்த மழை ஓய்ந்து, இலைகளெல்லாம் சொட்டிக்கொண்டிருந்த வேளையில், ஃபேரர் பார்க் சாலைச் சிக்னல் செவ்வொளி காட்ட, அழகேசன் பிரேக்கை மிதிக்க, கூரையின் உட்புறத் துணிக்குப் பின்னால் எத்தனை நாளாகவோ பதுங்கியிருந்த நீர்ப்படை, முன்னணி பின்னணி அனைத்தும் திரண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, ஓட்டுநர் பக்கம் ஒரு துளியும் சிந்தாமல், சரியாக மோகனப்பிரியாவின் உச்சந்தலையில் இறங்கியது. அளவு ஒரு டம்ளர் இருக்கும். அது அவள் வகிட்டில் தொடங்கி, நெற்றிப்பொட்டைக் கரைத்து, சலவை செய்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சீருடையில் பழுப்பு நிறத்தில் பரவியது.

அவள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். "ஓரமா நிறுத்துங்க, நான் நடந்து போய்க்கிறேன்," என்றாள். அன்று இரவு வீட்டில் அவள் வெளியிட்ட பிரகடனம் இதுதான்: "ஒழுகறது நிக்கட்டும். நின்னப்புறம் ஏறறேன். அதுவரைக்கும் எம்ஆர்டி ரயில் இருக்கு."

மறுநாள் காலை அழகேசன் தனியே கிளம்பினான். வானொலியைப் போட்டான், அணைத்தான். பக்கத்து இருக்கை ஈரமாகவும் காலியாகவும் இருந்தது. விரைவுச்சாலையில் வண்டிகள் வழக்கம்போலத்தான் ஊர்ந்தன, ஆனால் அந்த நாற்பது நிமிடம் அவனுக்கு நாள் முழுவதும் போலத் தோன்றியது.

அன்றே போர் மூண்டது.

அவன் தொடுத்த முதல் அஸ்திரம் தார் நாடா. மொட்டைமாடிச் சுவரும் தளமும் கூடுமிடத்தில் ஒட்டினால் பத்தாண்டு தாங்கும் என்று அவனே பலருக்கு வாக்குக் கொடுத்த நாடா. அதைக் கண்ணாடியின் நான்கு ஓரமும் சுற்றி ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி, எட்ட நின்று பார்த்தான். பலமாடிக் கார்நிறுத்தத்தின் திறந்த மேல்தளத்தில், வேலைக்கு விடுப்புச் சொல்லி அவன் காவலிருந்த மறுநாள் உச்சிப்பொழுதில், கதிரவன் தன் முழு ஆற்றலையும் காட்டினான். நாடா இளகியது. தார் உருகியது. அதுவரை பழுப்பாக ஒழுகிய கார் அதன்பின் கறுப்பாகவும் ஒழுகியது.

பக்கத்து நிறுத்துமிடத்தில் கார் நிறுத்துபவர் அப்துல் அலீம். தேக்காக் கடைத்தெருவில் மசாலாக் கடை, ஞாயிறுதோறும் உட்லண்ட்ஸ் கடலோரப் படகுத்துறையில் தூண்டில், இரண்டுக்கும் நடுவில் அழகேசனைக் கேலி செய்வது என்று வாழ்க்கையை ஒழுங்காக வகுத்துக்கொண்டவர். மண்ணெண்ணெய்த் துணியால் தாரைத் துடைத்துக்கொண்டிருந்த மாவீரனைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊரு கூரையெல்லாம் நீதான் அடைச்சே. இப்ப உன் கூரை ஒழுகுது லா," என்றார். "ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போயேன், தம்பி."

ஒர்க் ஷாப். நீர்க்கசிவுக் குலகாலன் தன் கசிவை இன்னொருவனிடம் கொண்டுபோய்க் காட்டுவதா? சக வீரர்கள் கேள்விப்பட்டால் என்ன ஆகும்? தளத்தில் எல்லோரும் மதிய உணவு உண்ணும் இடத்தில் அவன் எந்த முகத்தோடு டிபன் டப்பாவைத் திறப்பான்? வேண்டாம் பாய், என்று மட்டும் சொன்னான். இதில் வீம்பு பாதி, பயம் பாதி என்பது அவனுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை, வேலையிலிருந்து சீக்கிரமே திரும்பி, அவன் துணிந்தான். மூன்றாண்டுகளில் மூன்றாம் முறையாகப் பலகணியைத் திறந்து, ஏணியில் ஏறி, உள்ளே எட்டிப் பார்த்தான். கண்ணாடியைச் சுற்றிலும் ஓர் அகழிபோல் ஒடுங்கிய தொட்டி ஓடியது. அந்தத் தொட்டியின் நான்கு மூலையிலும், கொட்டைப்பாக்கு நுழையாத, குன்றிமணி நுழையக்கூடிய அளவில், ஒவ்வொரு துளை. ஓட்டை. நான்கு ஓட்டை. பத்தொன்பதாண்டுக் காலப் பயிற்சி அவன் இரத்தத்தில் கொதித்தது. எத்தனை எத்தனை தளங்களில் தேடித் தேடிக் கண்டுபிடித்த எதிரி, இங்கே ஒளியவும் இல்லை, மறையவும் இல்லை, மூலைக்கு ஒருவனாக நின்று வாயைப் பிளந்துகொண்டிருக்கிறான். "சிக்கினீங்களா," என்றான் அழகேசன், யாரும் இல்லாத கார்நிறுத்தத்தில், உரத்த குரலில்.

அதன்பின் நடந்ததை விரித்தால் ஏடு கொள்ளாது. தொட்டியைத் துடைத்தான், உலர்த்தினான், சாம்பல் நிறச் சீலன்ட்டைத் துப்பாக்கியில் ஏற்றினான், நான்கு துளையின் வாயிலும் குழலை நுழைத்துத் திணித்தான், மேலே விரலால் வழித்து, ஈர விரலால் மீண்டும் வழித்து, கண்ணாடிபோல் மழமழவென்று ஆக்கினான். சனிக்கிழமை நண்பகலில் சீலன்ட் இறுகியதும் தொட்டியில் இரண்டு டம்ளர் தண்ணீரை ஊற்றி, நீர்மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்து, பலகணியை மூடினான். தன் தொழிலின் உச்சமான சோதனை அது. நீர் நிற்கவேண்டும். நின்றால் வெற்றி. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போய்த் திறந்து பார்த்தான். கோடு இருந்த இடத்தில் நீர் இருந்தது. மாலையிலும் இருந்தது. இரவில் போய்ப் பார்க்கவில்லை என்று அவன் பின்னாளில் சொல்லிக்கொண்டாலும், அலீம் பாய் பார்த்திருக்கிறார்.

ஞாயிறு காலை உணவு மேசையில் அவன் எழுந்து நின்று அறிவித்தான். "நின்னிருச்சு. சொட்டுக்கூடப் போகல. வா, தேக்கா போலாம்."

மோகனப்பிரியா அவனை நிமிர்ந்து பார்த்தாள். நான்கு நாளாக எம்ஆர்டியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போன கை அது, தோசைக்கரண்டியை மெல்லக் கீழே வைத்தது. இன்னும் மடிப்புப் பிரிக்காத நீலப் பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இதை எழுதும்போது எனக்கே நெஞ்சு பதறுகிறது. அவள் நம்பித்தான் வந்தாள்.

அவர்கள் மேல்தளத்துக்கு வந்தபோது மணி பத்து. சோதனைக்கு அது இருபத்திரண்டாம் மணி நேரம். விதிப்படி இன்னும் இரண்டு மணி நேரம் நீர் நிற்கவேண்டும். விதி என்றால் விதி. பாதியில் சோதனையைக் கலைத்துக் கையெழுத்துப் போடுகிறவன் அல்லன் அழகேசன். ஆகவே அந்த மிச்ச இரண்டு மணி நேரத்தையும் போகிற வழியில் நிறைவு செய்வது என்று அந்த மேதை முடிவு செய்து, இரண்டு டம்ளர் தண்ணீரைத் தலைக்கு மேல் தூக்கிவைத்துக்கொண்டு, காரைக் கிளப்பினான்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. சாய்தளத்தின் முதல் வளைவில் கூரையினுள் ஏதோ கிளுக்கென்றது. இரண்டாம் வளைவில் மோகனப்பிரியா அண்ணாந்தாள். மூன்றாம் தளத்து வேகத்தடையின் முன் அவன் பிரேக்கில் கால் வைத்தான். எந்தக் கார்முகிலும் காணாத அந்த வெண்வெயிலில், ஊரே காய்ந்துகிடக்க, உலகிலேயே அந்த ஒரு முன்னிருக்கைக்கு மட்டும் மழை பெய்தது.

அழகேசன் தன் பத்தொன்பதாண்டுகளையும் ஒவ்வோர் ஆண்டாக நினைத்துப் பார்த்தான். அவள் இறங்கிப் போய்விடுவாள், இனி ஏறவே மாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. அந்தத் தோல்வி சீலன்ட்டின் தோல்வியைவிடப் பெரிதாக வலித்தது.

"வண்டியத் திருப்பி மேல ஏத்துங்க," என்றாள் மோகனப்பிரியா.

ஏற்றினான். "அதத் திறங்க," என்றாள். திறந்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, இருக்கையின் மேல் ஏறி நின்றாள். இடுப்புக்கு மேல் கூரைக்கு வெளியே எழுந்து, செல்பேசி விளக்கை அந்தத் தொட்டிக்குள் அடித்தாள். தேர்த்தட்டில் எழுந்தருளிய கொற்றவை என்று இந்த இடத்தில் நான் சொல்லாவிட்டால் என் நடைக்கு இழுக்கு. கீழே ஓட்டுநர் இருக்கையில் அழகேசன் அண்ணாந்தபடி இருந்தான்.

"இது என்ன, சாம்பல் கலர்ல?"

"ஓட்டை. அடைச்சிட்டேன்."

"எங்க போற ஓட்டை?"

ஓர் ஓட்டை எங்கே போகிறது என்று பத்தொன்பது ஆண்டில் யாரும் அவனைக் கேட்டதில்லை. எதால் அடைப்பது என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"நாலு மூலையிலயும் அளந்து வச்ச மாதிரி இருக்கு. கார் செஞ்சவன் சும்மாவா ஓட்டை போடுவான்?" என்றாள் அவள் மேலேயிருந்து. "மழைத்தண்ணி உள்ள வரத்தான் செய்யும், இது வழியா இறங்கிப் போயிடணும். குழாய் உள்ள அடைச்சிருக்குங்க. ரூட் கெனால் மாதிரி. முதல்ல உள்ள இருக்கறத எடுக்கணும், கழுவணும். நீங்க கிளீனே பண்ணாம ஃபில்லிங் போட்டிருக்கீங்க. வீங்காம என்ன பண்ணும்?"

அவள் குரலில் கோபம் இல்லை என்பதை அப்போதுதான் அவன் கவனித்தான். பத்தாண்டுகளாக ஒருவர் வாயைப் பிளக்க, இன்னொருவர் குடைய, பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுத்தவளுக்கு, முதல் முறையாகக் குடைவதற்கென்று ஒரு வாய் கிடைத்திருந்தது.

ஆணைகள் பிறந்தன. சீலன்ட்டைக் கிள்ளி எடுக்க அவள் புருவம் திருத்தும் சிறு இடுக்கி வந்தது. குழாய்க்குள் நுழைக்க வளையவும் வேண்டும், மடங்கவும் கூடாது, அப்படி ஒரு பொருள் எது என்று இருவரும் விழித்த நேரத்தில், தூண்டில் பெட்டியும் வெறுங்கையுமாகப் படகுத்துறையிலிருந்து திரும்பிய அப்துல் அலீம், கூரைக்கு மேல் முளைத்திருந்த மோகனப்பிரியாவைக் கண்டு நின்றார். கொடுவா மீன் இழுத்தாலும் அறுந்துபோகாத தடித்த நைலான் தூண்டில் நரம்பில் மூன்று மீட்டரை வெட்டிக் கொடுத்தார். இந்தத் தடவை அவர் கேலி செய்யவில்லை. கேலி செய்தால் முழுதாகப் பார்க்கமுடியாமல் போய்விடுமோ என்று பயந்திருக்கவேண்டும்.

இடது முன்மூலைதான் கோட்டையின் தலைவாயில். நரம்பு ஒரு முழம் இறங்கி முட்டியது. இழுத்தாள், திருகினாள், மறுபடி விட்டாள், மறுபடி முட்டியது. விரல்நுனியில் அதை உருட்டி உருட்டி, அவசரமே இல்லாமல், நோயாளிக்கு வலிக்கக் கூடாது என்கிற பதத்தில் செலுத்தினாள். நடுவில், யோசிக்காமல், தன் மருத்துவர் எச்சில் உறிஞ்சும் குழாயை அன்றாடம் தன்னிடம் கேட்கிற தொனியில், "சக்ஷன்," என்றாள். அழகேசனுக்குப் பொருள் விளங்கவில்லை. ஆனாலும் கையிலிருந்த டம்ளரை மரியாதையாக நீட்டினான்.

மூன்றாம் முயற்சியில் நரம்பு சட்டென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அலீம் பாய்தான் முதலில் கண்டார். "இங்க வருது, இங்க வருது," என்று முன்சக்கரத்தைக் காட்டினார். சக்கரத்துக்குப் பின்னாலிருந்து பழுப்பாக ஒரு கட்டி விழுந்தது, பின்னால் கரகரவென்று சேறு, அதன்பின் மஞ்சளும் கறுப்புமாக அழுகிய கூழ். அழகேசன் அதை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தான். அங்சானா மரத்துப் பூ. கட்டுமானத் தளத்து வேலியோரம் நிழலுக்காக அவன் தினமும் வண்டியை நிறுத்தும் மரம். அந்தப் பூவைக் கல்லாக இறுக்கியிருந்தது சிமெண்டுத் தூள், அவன் தளத்துச் சிமெண்டு, அவன் தொழிலின் சிமெண்டு. இத்தனை நாள் அவன் வில்லேந்தித் தேடிய பகைவன் அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

நான்கு மூலையும் முடிய ஒரு மணி ஆனது. மோகனப்பிரியா தொட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாள். அது அங்கே ஒரு கணமும் நிற்கவில்லை. அழகேசன் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, பழகிய முறையிலேயே கன்னத்தைத் தரையில் ஒற்றி, சக்கரத்தின் பின்னாலிருந்து அந்த நீர் ஒழுகி ஓடி வருவதைப் பார்த்தான். தண்ணீர் நிற்பதைப் பார்த்துத்தான் இதுவரை மகிழ்ந்திருக்கிறான். போவதைப் பார்த்து மகிழ்ந்தது அன்றுதான். அந்த மகிழ்ச்சியில் அவன் எழுந்திருக்கவே மறந்துவிட்டான்.

"நாளைக்கு ஏறுவியா?" என்று தரையிலிருந்தே கேட்டான்.

"மழை பெய்யட்டும், பாக்கலாம்," என்றாள் அவள். சேலையைப் பிழிந்துகொண்டே லிஃப்ட்டுக்குப் போனாள். அன்று அவர்கள் தேக்காவுக்குப் போகவில்லை.

திங்கள் புலர்ந்தது. புலர்ந்தது என்று சொல்வது மரபுக்காகத்தான், வெளிச்சம் எதுவும் வரவில்லை. வடகிழக்கே கடலிலிருந்து புறப்பட்ட பருவக்காற்று கருமுகில் யானைகளை முன்னே ஓட்டிக்கொண்டு, இடிமுரசு அறைந்து, மின்னல்வாள் சுழற்றி, உட்லண்ட்ஸின் அத்தனை அடுக்குமாடிகளையும் ஒருசேர முற்றுகையிட்டது. பேருந்து நிறுத்தங்களில் குடைகள் கவிழ்ந்தன. பிளாக்கின் கீழே கூரையிட்ட வாயிலில் அழகேசன் காரை நிறுத்தி, இயந்திரத்தை ஓடவிட்டு, துடைப்பான்கள் இருபுறமும் அறைந்துகொள்ளக் காத்திருந்தான். வாயிலிலிருந்து வழி இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் எம்ஆர்டிக்குப் போகும் கூரையிட்ட நடைபாதை, இடப்பக்கம் அவன். ஏழு முப்பத்தொன்றுக்கு லிஃப்ட் திறந்தது. வெண்சீருடையில், கையில் குடையோடு, அவள் வந்தாள். நின்றாள். மழையைப் பார்த்தாள். கார்க் கூரையைப் பார்த்தாள். நடைபாதையைப் பார்த்தாள். அந்த ஒரு கணத்தில், பெரும்போர்களில் இரு படையும் மூச்சடக்கி நிற்கும் அந்த ஒரு கணத்தில், நீர்க்கசிவுக் குலகாலன், கூரைவிரிசல் கூற்றுவன், தன் வாழ்வில் முதல்முறையாக எதையும் அடைக்கவோ தடுக்கவோ முயலாமல், இரு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான்.

முன்கதவு திறந்தது. அவள் உட்கார்ந்தாள். தேர் புறப்பட்டது. சிலேத்தார் விரைவுச்சாலையில் மழை அம்புமாரியாகக் கண்ணாடிப் பலகணியின் மேல் பொழிந்தது. மத்திய விரைவுச்சாலையின் நெரிசலில் நூறு தடவை பிரேக் மிதிபட்டது, நூறு தடவையும் இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள், நூறு தடவையும் அந்த வெள்ளம் அவர்கள் இருவரின் காதோரக் கதவுத் தூண்களுக்குள்ளே யாருக்கும் தெரியாமல் இறங்கி, சக்கரங்களுக்குப் பின்னால் தன் வழியே போய்ச் சேர்ந்தது. ஃபேரர் பார்க் சாலைச் சிக்னலில் செவ்வொளி எழுந்தது, அவன் உயிரைப் பிடித்துக்கொண்டு காலை அழுத்தினான், தேர் குலுங்கி நின்றது, ஒரு துளியும் விழவில்லை, ஆறு நாள் நீண்ட அந்தப் பெருமௌனத்தைக் கலைத்து, முன்னிருக்கையிலிருந்து, வெற்றிச்சங்கின் முழக்கம் போல், அவள் குரல் எழுந்தது.

வீட்டில் வெங்காயம் தீர்ந்துவிட்டதாம்.